ஆத்துமாக்களைக் காட்டி வாயை அடைப்பது: ரவி சக்கரியாஸ் விவகாரம் பற்றிச் சில குறிப்புகள்

அடி அண்ணாமலையில் குடியிருப்பதால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழிநெடுக ஆசிரமங்கள், சாமியார்கள். எங்கேயாவது ஒரு சாமியார் மாட்டினார் என்று செய்தி வந்தால் எங்க சபை ஆட்கள், "வேதம் தெரிஞ்சிருந்தா இப்படி ஏமாந்திருக்க மாட்டாங்க" என்பார்கள். இது தவறு என்று காட்ட ரவி சக்கரியாஸ் விவகாரமே போதும். அங்கே வேதத்தை வைத்தேதான் கட்டிப்போட்டார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1946இல் சென்னையில் பிறந்து, டெல்லியில் வளர்ந்து, 1966இல் கனடா போனவர். 1984இல் தன் பெயரிலேயே ஒரு ஊழிய நிறுவனம் தொடங்கினார். கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அறிவுபூர்வமாக வாதாடுவதில் உலகப் புகழ் பெற்றவர். 2020 மே மாதம் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அவர் பங்குதாரராக இருந்த ஸ்பாக்களில் வேலை பார்த்த பெண்களின் குற்றச்சாட்டுகளை ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையே வெளியிட்டது. நிறுவனம் நியமித்த சட்ட நிறுவனம் விசாரித்து, 2021 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. பாலியல் அத்துமீறல்கள் உண்மை என்று அது சொன்னது.

அந்த அறிக்கையில் ஒரு பெண்ணின் சாட்சியம் இருக்கிறது. முதலில் ஊழியத்தின் பணத்தில் உதவி. பிறகு உடலைக் கேட்பது. அதை அந்தப் பெண் பலாத்காரம் என்றே சொல்கிறார். அதற்குப் பிறகும் தன்னோடு சேர்ந்து ஜெபிக்க வைத்து, தேவனுக்கு நன்றி சொல்ல வைத்தாராம். தன் ஊழியத்துக்குக் கிடைத்த வெகுமதி நீ என்றாராம். வெளியே சொன்னால், அவர் பெயர் கெட்டு லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழக்கும், அந்தப் பழி உன்மேல்தான் என்றும் எச்சரித்தாராம்.

இந்தக் கடைசி எச்சரிக்கையைத்தான் கவனிக்கணும். மனத்தை ஆட்டிப்படைப்பது என்றாலே இப்போது எல்லோரும் 'கேஸ்லைட்டிங்' என்கிறார்கள். 1938இல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய நாடகத்திலிருந்து வந்த சொல்; அதில் கணவன் மனைவியை அவள் புத்தியையே சந்தேகிக்க வைப்பான். ஆனால் இங்கே அந்தப் பெண்ணுக்கு நடந்தது என்னவென்று தெளிவாகத் தெரியும். தாக்கப்பட்டது அவருடைய மனசாட்சி. விசுவாசமே இல்லாத ஒருவரிடம் இந்த மிரட்டல் செல்லாது. மற்றவர்கள் இரட்சிக்கப்பட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவரிடம்தான் செல்லும். அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் பொதுவான 'பத்து அடையாளங்கள்' பட்டியல்கள் சபைக்குள் பெரிதாக உதவுவதில்லை.

சரி, வேதம் இந்த மிரட்டலை ஏற்கிறதா? மத்தேயு முதல் அதிகாரத்து வம்சவரலாற்றைப் பாருங்கள். சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று பெயர் சொல்லி எழுதவில்லை. உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே எழுதியிருக்கிறது. தாவீது செய்த அநியாயம் சுவிசேஷத்தின் முதல் பக்கத்திலேயே நிற்கிறது. அதனால் யாருடைய இரட்சிப்பும் கெட்டுவிடவில்லை. தேவனுக்காகப் பொய் பேசுவீர்களா என்று யோபு தன் நண்பர்களைக் கேட்கிறான் (13:7). அந்தியோகியாவில் பேதுரு பிசகியபோது, பவுல் எல்லோர் முன்பாகவும்தான் கண்டித்தார் (கலாத்தியர் 2). நற்பெயரைக் காப்பாற்ற மௌனம் தேவை என்ற தத்துவம் வேதத்தில் இல்லை.

அடுத்து, நம்மூர் மேடைகளில் அதிகம் கேட்கும் வசனம்: அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே. சங்கீதம் 105ஐ 12ஆம் வசனத்திலிருந்து படியுங்க. ஆட்கள் கொஞ்சம், சொந்த நிலம் கிடையாது, ஊர் ஊராய் அலைந்த குடும்பம். அவர்களைத் தொடாதே என்று ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. பலவீனரைப் பலவானிடமிருந்து காக்க வந்த வசனத்தைத் தலைகீழாக்கி, பலவானுக்குக் கவசமாக மாட்டிவிட்டார்கள். சவுலைக் கொல்ல மறுத்த தாவீதுகூட, சவுல் செய்தது அநியாயம் என்பதை அவன் முகத்துக்கு நேராக உரத்துச் சொன்னான் (1 சாமுவேல் 24).

பொய்ப் புகார் வராதா என்று கேட்கலாம். வரலாம். அதற்குத்தான் மூப்பருக்கு எதிரான புகாருக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 5:19. ஆனால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பாவம் செய்தவர்களை எல்லோர் முன்பாகவும் கண்டிக்கச் சொல்கிறது அடுத்த வசனம்.

என் பெரிய விமர்சனம் நிறுவனத்தின் மீதுதான். 2017இலேயே கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் புகார் சொன்னார். சக்கரியாஸ் அவர்மீதும் அவர் கணவர்மீதும் வழக்குப் போட்டார். வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது. நிர்வாகக் குழு அவரையே நம்பியது. மன்னிப்புக் கேட்க 2021 ஆனது. அவர் தன் கல்வித் தகுதிகளை மிகைப்படுத்திச் சொன்னதைத் தோண்டி எடுத்து எழுதியவர் ஸ்டீவ் பாக்மன் என்ற நாத்திக வழக்கறிஞர். பெரோயா ஊர்க்காரர்கள் பவுலின் போதனையையே சோதித்துப் பார்த்தார்கள் என்று மெச்சுகிறது அப்போஸ்தலர் 17:11. அந்த வேலையை இங்கே ஒரு நாத்திகர் செய்ய வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர் டீமில் 'பக்' சொன்னவரைத் திட்டினால் பக் குறையாது, பக் ரிப்போர்ட்தான் குறையும். சபையிலும் அப்படித்தான்.

ஆகவே நான் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றுதான்: உண்மை வெளியே வந்தால் கெட்டது நடக்கும் என்று ஒருவர் சொல்லும்போது, அந்தப் பழியை யார் தலையில் வைக்கிறார்? செய்தவர் தலையிலா, சொல்லப்போகிறவர் தலையிலா? சொல்லப்போகிறவர் தலையில் என்றால், எத்தனை வசனம் காட்டினாலும் நம்பாதீர்கள்.

அப்படி ஒன்று உங்களுக்கோ தெரிந்தவருக்கோ நடந்தால், தேதியோடு எழுதி வையுங்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள், அந்த ஊழிய வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். குற்றம் என்றால் சபைக் கமிட்டிக்குக் காத்திருக்காமல் போலீசுக்குப் போங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களுக்குப் போன் போடுவது விசுவாசத் துரோகம் ஆகாது.