மேடையும் மதிப்பும்: ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நகைச்சுவையின் பணி

மேடை நிகழ்ச்சி ஒன்று உருவாகும் கதையைப் பாடலும் நகைச்சுவையும் கலந்து சொல்லும் படங்களை ஹாலிவுட் 1930களில் தனி வகையாக வளர்த்தெடுத்தது. லாயிட் பேக்கன் இயக்கிய ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ (1933) அவ்வகைக்கு முன்மாதிரி. இவ்வகைப் படங்களில் காதலின் நிறைவும் நிகழ்ச்சியின் வெற்றியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்பது ரிக் ஆல்ட்மனின் விளக்கம். ஏ.பி. நாகராஜனின் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) இவ்விளக்கத்திலிருந்து விலகும் இடமே ஆய்வுக்குரியது.

பேக்கனின் படத்தில் முதன்மை நடிகையின் கணுக்கால் காயமுற, குழுநடனப் பெண் ஒருத்தி அவ்விடத்தை ஏற்று வெல்கிறாள். திரை உயர்ந்ததும் சிக்கல் தீர்கிறது. நாகராஜனின் படத்திலோ சண்முகசுந்தரத்தின் நாதசுரமும் மோகனாவின் ஆடலும் எதிர்நிற்கும் போட்டி கதையை முடித்துவைப்பதில்லை. அம்மேடையிலேயே கலைஞன் மீது கத்தி பாய்கிறது. கதை மருத்துவமனை, மதன்பூர் அரண்மனை என நீள்கிறது. அவளது கலையை அவை ஏற்ற பின்னரும் அவளை விலைபேசுவோர் ஓயவில்லை என்பதே இதன் காரணம். தேவதாசி முறையைத் தடைசெய்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இருபது ஆண்டுகள் கழித்தும் இக்கேள்வி திரையில் உயிர்ப்புடன் இருந்தமை கருதத்தக்கது.

அவ்விலைபேச்சைப் படம் நகைச்சுவையின் வழியாகவே அம்பலப்படுத்துகிறது. நாகேஷ் ஏற்ற வைத்தியின் குழைவு சிரிப்பூட்டுவது; ஆயின் சிங்கபுரம் மைனர், மதன்பூர் மகாராஜா எனச் செல்வந்தர் மாறினும் அவன் பேரம் மாறுவதில்லை. கலைஞரைப் போற்றும் புரவலர் மரபின் மறுபக்கத்தை அவனது சிரிப்பே காட்டிவிடுகிறது.

சங்ககிரியை அடுத்த அக்கம்மாபேட்டையில் பிறந்த நாகராஜன், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பெண்வேடமிட்டு வளர்ந்தவர். மனோரமா ஏற்ற ‘ஜில் ஜில்’ ரமாமணி என்னும் நாடகக்காரியின் மீது படம் காட்டும் பரிவுக்கு இவ்வனுபவம் துணைநின்றிருக்கலாம். எனினும் அப்பரிவு ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. மோகனாவின் மதிப்பைத் திருமணத்தால் நிலைநாட்டும் படம், ரமாமணியின் மதிப்பு குறித்து வினா எழுப்புவதே இல்லை. அவள் சிரிக்கவைக்கிறாள், உதவுகிறாள், விலகிவிடுகிறாள். ஆடும் பெண்ணுக்கு மதிப்பு வேண்டும் என வாதிடும் படம், அம்மதிப்பைச் செவ்வியல் கலைக்கும் இல்லறத்திற்கும் உரியதாகச் சுருக்கிக்கொள்கிறது. இப்படத்தின் வெற்றியை மட்டுமன்றி வரம்பையும் அதன் நகைச்சுவைப் பாத்திரங்களே உணர்த்துகின்றன.