கேட்பவர் யார்?

துருக்கியின் தலைநகர் அங்காராவுக்குப் பக்கத்தில் பால்கட் என்று ஒரு கிராமம். 1950-ல் அங்கே வினாத்தாளும் கையுமாக ஒருவர் போனார். நாட்டின் அதிபராக நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஊர்க்காரர்களைக் கேட்டார். ஆடு மேய்ப்பவர் பதறிவிட்டார். என்னைப் போய் இப்படிக் கேட்கலாமா என்றார். மளிகைக் கடைக்காரர் மட்டும் தயங்காமல் பேசினார். நாட்டைவிட்டுப் போக நேர்ந்தால் எங்கே போவீர்கள் என்றதற்கும் 'அமெரிக்கா' என்ற பதில் அவரிடம் தயாராக இருந்தது.

இந்த இரண்டு பேரைச் சுற்றித்தான் வளர்ச்சித் தொடர்பியல் என்ற ஒரு கல்வித்துறையே எழும்பியது. அமெரிக்கச் சமூகவியலாளர் டேனியல் லெர்னர், மத்தியக் கிழக்கின் ஆறு நாடுகளில் எடுத்த பேட்டிகளை வைத்து 1958-ல் 'மரபுச் சமூகத்தின் மறைவு' என்ற நூலை வெளியிட்டார். அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் திறன் யாருக்கு உண்டோ அவர் நவீனர். அந்தத் திறனை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி வானொலி. லெர்னரின் வாதம் சுருக்கமாக இதுதான். கடைக்காரர் அதில் தேறினார், மேய்ப்பர் தவறிவிட்டார்.

மேய்ப்பர் சொன்னதை இன்னொரு விதமாகவும் கேட்கலாம். 'நீங்க முதலமைச்சரானா என்ன செய்வீங்க?' என்று நம் ஊர் டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்டால், 'நமக்கெதுக்குங்க அந்தப் பேச்செல்லாம்' என்று விலகுகிறவர்கள்தான் அதிகம். அது அடக்கமாக இருக்கலாம், எச்சரிக்கையாக இருக்கலாம். கற்பனை வறட்சி என்று அதற்குப் பெயர் வைப்பது கேள்வி கேட்டவரின் வசதி.

கேட்டவருக்கு ஒரு காரணமும் இருந்தது. இலங்கையைச் சேர்ந்த தொடர்பியல் ஆய்வாளர் ரோஹன் சமரஜீவ 1987-ல் எழுதிய கட்டுரையில், இந்தத் துறையின் பிறப்புக் கதையைத் தோண்டியெடுத்தார். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகம் அந்தப் பேட்டிகளை எடுத்தது 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலிக்காக. பனிப்போர்க் காலத்தில் யார் எந்த நாட்டு வானொலியைக் கேட்கிறார்கள், அவர்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அறிய நடந்த வேலை அது. நேயர் கணக்கெடுப்பாகத் தொடங்கியது வளர்ச்சிக் கோட்பாடாக வேடம் மாற்றிக்கொண்டது.

அடுத்து வந்தது எண்ணிக்கை மோகம். 100 பேருக்கு 10 செய்தித்தாள் பிரதிகள், 5 வானொலிப் பெட்டிகள், 2 சினிமா இருக்கைகள் இருந்தால்தான் ஒரு நாடு குறைந்தபட்சத் தகுதி பெறும் என்று யுனெஸ்கோ 1960-களின் தொடக்கத்தில் அளவுகோல் வைத்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது என்பது அளவுகோலுக்குள் வரவில்லை. 1964-ல் அமெரிக்கத் தொடர்பியல் ஆய்வாளர் வில்பர் ஷ்ராம் ஊடகமும் தேச வளர்ச்சியும் பற்றி எழுதிய நூல் வளரும் நாடுகளின் அமைச்சகங்களுக்குக் கையேடு போலானது.

இந்த ஆய்வு மரபு வெறும் வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் குறுவைப் பட்டத்தில் வேகமாகப் பரவியது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி அதைப் பற்றி விடாமல் பேசியது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். செய்தி போய்ச் சேர்ந்ததற்கு இதைவிட நல்ல சான்றை எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் தராது.

ஆனால் இந்த வெற்றியை அளந்த முறையில் ஓட்டை இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962-ல் வகுத்த 'புதுமைப் பரவல்' கோட்பாடு, புதியதை யார் முதலில் ஏற்றார், யார் கடைசியில் ஏற்றார் என்று ஆட்களை வரிசைப்படுத்தும். கடைசியில் நிற்பவருக்குப் பெயர் 'பின்தங்கியவர்'. விதை மாற்ற நிலம் வேண்டும், உரத்துக்குப் பணம் வேண்டும்; வயலில் இறங்கி நடவு நட்ட கூலிக்காரருக்கு இரண்டும் இல்லை. அதே தஞ்சையில், கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். விதைக்கும் அந்தத் தீக்கும் நேர்க்கோடு போட வேண்டியதில்லை. 'எப்போது புது ரகத்துக்கு மாறினீர்கள்?' என்று நிலமுள்ளவரை மட்டும் கேட்கிற ஆய்வுக்கு அந்த மாவட்டத்தின் பாதிப் பேச்சு காதில் விழாது என்பதுதான் இங்கே முக்கியம்.

ரோஜர்ஸைப் பாராட்டத்தான் வேண்டும். பொலிவியாவின் தொடர்பியல் ஆய்வாளர் லூயிஸ் ராமிரோ பெல்ட்ரான், அந்நியக் கண்ணாடி வழியாகச் சொந்த மண்ணைப் பார்க்கிறோம் என்று லத்தீன் அமெரிக்க ஆய்வாளர்களைக் கடிந்துகொண்ட அதே காலத்தில், ரோஜர்ஸ் தன் பங்குத் தவறை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். பழைய வளர்ச்சிக் கோட்பாடு மறைகிறது என்று 1976-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே லெர்னர் நூலின் தலைப்பைச் சற்றுத் திருப்பிப் போட்டதுதான்.

இந்தியாவின் 'சைட்' செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை (1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை) இந்தத் துறையின் நல்ல முகம். நாசாவின் ஏ.டி.எஸ். 6 செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போயின. பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஒரு பெட்டி. கூரைமேல் கோழிவலைக் கம்பியில் பின்னிய பத்தடி ஆன்டெனா. இஸ்ரோ தன் பொறியாளர்களோடு சமூக ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டது. பெரிய அளவில் கருத்துக்கணிப்பு நடந்தது. கூடவே மானிடவியலாளர்கள் சில கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கிக் கவனித்தார்கள். வேளாண்மையில் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை, சுகாதார அறிவில் எழுத்தறியாதவர்களும் பெண்களும் முன்னேறினார்கள் என்று, வெற்றியையும் சறுக்கலையும் சேர்த்தே அறிக்கை எழுதினார்கள். அரசு நிறுவனம் ஒன்று தன் வேலையைத் தானே இப்படி அளந்தது இன்றைக்கும் அபூர்வம்.

தான்சானியாவில் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். 1993-ல் குடும்ப நலம், எய்ட்ஸ் பற்றிய வானொலித் தொடர் நாடகம் நாடெங்கும் ஒலிபரப்பானபோது, டோடோமா பகுதியில் மட்டும் இரண்டு ஆண்டுகள் அதை நிறுத்திவைத்தார்கள். நாடகம் கேட்ட ஊர்களையும் கேட்காத ஊர்களையும் ஒப்பிட முடிந்தது. கருத்தடை முறைகளை ஏற்றவர்களின் எண்ணிக்கை நாடகம் கேட்ட ஊர்களில் கூடியிருந்தது. டோடோமா மக்கள் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது நியாயமா என்ற உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது.

வினாத்தாளின் பலவீனத்தை அப்பட்டமாகக் காட்டியது நேபாளம். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய 'அறிவு, மனப்பாங்கு, நடைமுறை' ஆய்வுகள் உலகெங்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஆய்வாளர்கள் லிண்டா ஸ்டோனும் கேப்ரியல் கேம்ப்பெலும் அதே வகைக் கேள்விகளைச் சில நேபாளக் கிராமங்களில் கேட்டுவிட்டு, பிறகு அதே ஆட்களோடு நிதானமாக உட்கார்ந்து பேசினார்கள். 1984-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கருக்கலைப்பைக் கேள்விப்பட்டதே இல்லை என்று முதலில் சொன்னவர்களில் பலருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. பக்கத்தில் ஆள் இருந்தது, வெட்கம் தடுத்தது, கேள்வியின் மொழி அந்நியமாக ஒலித்தது. 'தெரியாது' என்பது ஒரு வாசல் தாழ்ப்பாள். அதை அறியாமை என்று கணக்கில் ஏற்றி, அந்தக் கணக்கின்மேல் பிரச்சாரத் திட்டங்கள் போட்டார்கள்.

தாளை மூடிவைத்தபோது கிடைத்த நல்ல சான்று ருவாண்டாவில் இருக்கிறது. 1994 இனப்படுகொலையில் வெறுப்பைப் பரப்பிய கருவி வானொலி. பின்னாளில் அதே வானொலியில் சமரசத்தைப் பேசும் 'முசெகெவேயா' நாடகம் வந்தது. உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக் ஒரு வருடம் சில குழுக்களுக்கு அதையும், வேறு சிலருக்கு உடல்நல நாடகம் ஒன்றையும் கேட்கவைத்தார். மனத்துக்குள் இருந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஊரில் எது முறை என்ற எண்ணம் மாறியிருந்தது. அது அழகாக வெளிப்பட்டது கடைசி நாளில். ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக ஒரு கேசட் பிளேயரும் நாடகக் கேசட்டுகளும் பரிசாகத் தரப்பட்டன. உடல்நல நாடகம் கேட்டவர்கள் பெரும்பாலும் அதை ஊர் அதிகாரியின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். சமரச நாடகம் கேட்டவர்கள், ஏன் அவரிடம் தர வேண்டும், நாமே சேர்ந்து பார்த்துக்கொள்ளலாமே என்று வாதாடத் தொடங்கினார்கள். அந்த வாக்குவாதத்தைப் பக்கத்தில் இருந்த ஆய்வுக் குழுவினர் குறித்துக்கொண்டார்கள்.

இன்று கேள்வி கைப்பேசிக்கு மாறியிருக்கிறது. கொழும்பைத் தளமாகக் கொண்ட 'லேர்ன்ஏசியா' ஆய்வகம் இந்தோனேசியாவில் ஏழைகளின் தொலைத்தொடர்புப் பழக்கத்தை ஆராய்ந்தபோது, இணையம் பயன்படுத்துவதில்லை என்று பலர் சொன்னார்கள். குழுவாக உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்ததும், ஃபேஸ்புக்கில் தாங்கள் செலவிடும் நேரத்தைப் பற்றி உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் உலகத்தில் ஃபேஸ்புக் இருந்தது; இணையம் என்றொரு பொருள் இல்லை. கணக்கெடுப்பு அட்டவணையிலோ அவர்கள் 'இணையம் இல்லாதவர்கள்'. ஆய்வாளர் ஹெலனி கல்பாயா இந்த முரணைக் கவனித்துத் தன் தலைவரை அழைத்துச் சொன்னார். மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தவர் ரோஹன் சமரஜீவ.