ஆட்டவிளக்கின் முன்னால் கதகளி

மட்டாஞ்சேரிக்குப் போனால் டச்சு அரண்மனை, யூதர் தெரு, மசாலாக் கிடங்குகள் என்று பகலெல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் பக்கத்தில் எங்காவது கதகளிக்கு டிக்கெட் எடுப்பது வழக்கம். எடுங்கள். ஆனால் வெயிலிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தால் பாதி ஆட்டம் கண்ணில் படாது.

கண்பாவை கடும் வெயிலில் 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கும். இருட்டில் 7, 8 வரை விரியும். அது சீக்கிரமே நடந்துவிடும். விழித்திரை இருட்டுக்கு முழுசாகப் பழகத்தான் அரை மணி நேரம் பிடிக்கும். விடிய விடிய நடந்த பழைய ஆட்டங்களில் கேளிகொட்டு, தோடயம், புறப்பாடு என்று முன்வேலையே நீளும். கண்ணுக்குப் போதிய அவகாசம். பயணிகளுக்கான ஒரு மணி நேர ஆட்டத்தில் அதற்கு வழியில்லை.

ஆகவே வேஷம் கட்டும்போதே போய்விடுங்கள்; பல அரங்குகளில் அதைப் பார்க்க விடுகிறார்கள். மனயோலை என்ற மஞ்சள் பொடியும் நீலமும் குழைத்த பச்சை முகத்தில் ஏறும். தாடையோரம் சுட்டி என்ற வெள்ளை விளிம்பு நிற்கும். கடைசியில் நடிகர் சுண்டப்பூவின் விதையை உள்ளங்கையில் உருட்டி இமைக்குள் வைப்பார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைவிழி செக்கச் சிவந்துவிடும். பச்சைக்கு நடுவே அந்தச் சிவப்பு, அதற்குள் உருளும் கருவிழி. கடைசி வரிசைக்கும் பார்வை போய்ச் சேர்வது இதனால்தான்.

இனி ஆட்டவிளக்கு, அதாவது மேடையின் முன் எரியும் எண்ணெய் விளக்கு. எண்ணெய்ச் சுடரில் நீலம் குறைவு. கண்பாவையை நெடுநேரம் சுருக்கி வைப்பது நீல ஒளி என்பதால், சுடருக்கு முன் அது தாராளமாகத் திறந்திருக்கும். சின்னச் சுடர் நடுங்கினால் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வரும். கண்பாவையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, மூளையால் முடியும். துடிக்கும் ஒளியைக் காட்டினால் பின்மண்டையின் மின்னலைகளும் அதே தாளத்துக்கு வருவதை உடலியலாளர்கள் ஏட்ரியனும் மாத்யூஸும் கேம்பிரிட்ஜில் 1934-லேயே காட்டினார்கள். நிறம் சேர்ந்தால் விளைவு இன்னும் கடுமை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் என்ற டிவி கார்ட்டூன் தொடரின் ஒரு அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மாறி வெட்டின; அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், வலிப்பு, தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அதற்காக ஆட்டவிளக்கு ஆளை மயக்குகிறது என்று கதை கட்ட வேண்டாம். திரி ஒன்றல்ல, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடும். ஒரே தாளம் அமைவது அரிது. கதகளியில் மயக்கம் என்று ஒன்று இருந்தால் அது செண்டை மேளத்தின் வேலை என்பேன்.

சுடரையே பார்க்காதீர்கள், பக்கவாட்டில் உட்கார்ந்து முகத்தைப் பாருங்கள். சுடர் அசைய, சுட்டியின் நிழல் கன்னத்தில் நகரும். நடிகர் புருவத்தை அசைக்காத நொடியிலும் முகம் அசையும். அவர் விளக்கைவிட்டுப் பின்வாங்கும்போது முதலில் எது மங்குகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் சிவப்புதான், மங்கலில் சிவப்பு முந்திக் கறுப்பதை உடலியலாளர் புர்க்கின்யே 200 வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

மின்விளக்கை முழுசாகப் போட்டு, குத்துவிளக்கை அலங்காரத்துக்கு வைத்திருக்கும் அரங்கானால் இதில் பாதி கிடைக்காது. டிக்கெட் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். உள்ளே போனதும் போனை அணைத்துவிடுங்கள். அந்த வெள்ளைத் திரை உங்கள் கண்ணை மட்டுமல்ல, பின்வரிசைக்காரர் கண்ணையும் கெடுக்கும்.