தாய்வழிக் குடியும் மகளின் வீடும்

இஸ்லாமியச் சட்டப்படி ஒருவர் தன் சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கையின், மகளை மணக்கலாம். இலங்கையின் அம்பாறைக் கரையில் கல்முனை தொடங்கி பொத்துவில் வரை நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களில் அப்படியொரு பேச்சை எடுத்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சாச்சி மகள் தங்கச்சி. இருவரும் ஒரே குடி. மாமாவின் மகளென்றால் மச்சி, முறைப்பெண். மார்க்கம் தடுக்காத ஒன்றை இந்த ஊர்கள் பல தலைமுறைகளாகத் தடுத்து வந்திருக்கின்றன. குடி என்னும் தாய்வழி உறவு இங்கே எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கணக்கு எளிது. பிள்ளை உம்மாவின் குடி. வாப்பா வேறு குடியிலிருந்து வந்தவர். ஓடாவி குடி, வரிசைநாச்சி குடி என்று சில பெயர்களில் தொழில் தெரியும், சிலவற்றில் ஒரு மூதாட்டி தெரிவார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் அமர்வார். கந்தூரிச் சோறு பகிர்வதிலிருந்து குடும்பச் சண்டையைத் தீர்ப்பது வரை அவருக்கு வேலை இருந்தது. அயலில் காரைதீவு, திருக்கோவில் தமிழர்களிடமும் இதே அமைப்பு உண்டு. அங்கே மரைக்காயருக்குப் பதிலாகக் கோயில் வண்ணக்கர். முக்குவர், திமிலர் என்ற இரு தமிழ்ச் சாதியினருக்கு இடையே நடந்த சண்டையில் முக்குவர் பக்கம் நின்ற முஸ்லிம்களுக்குப் பெண் கொடுத்தார்கள், குடி அந்தப் பெண்களோடு வந்தது என்பது இரு சமூகமும் சொல்லும் கதை. கதை எப்படியாயினும், மட்டக்களப்பு முக்குவரின் தாய்வழிச் சொத்துரிமையைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். மானிடவியலாளர்களான நூர் யால்மனும், 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரேயும் முஸ்லிம் குடிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

குடியைப் பற்றி இன்று இரண்டு விதமான பேச்சுகள்தான் காதில் விழுகின்றன. அது மார்க்கத்துக்குப் புறம்பான பழைய வழக்கம், ஒழிந்தால் நல்லது என்பது ஒன்று. அது நம் பெருமை, இளசுகள் மறந்துவிட்டார்கள் என்பது மற்றது. இரண்டும் குடியை ஒரே பொருளாகப் பார்க்கின்றன. என் பார்வையில் அதற்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகள் உண்டு: மணம் செய்யத் தக்க உறவைக் காட்டும் முறை, பள்ளிவாசலில் அதிகாரத்தைப் பங்கிடும் முறை, மகளுக்கு வீடு கொடுக்கும் முறை. முதல் இரண்டும் தேய்ந்துவிட்டன. தன் குடி எதுவென்று கேட்டால் உம்மம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள் பிள்ளைகள். வீடு மட்டும் நிற்கிறது. ஆகவே எடைபோட வேண்டியது முக்கியமாக அந்த வீட்டைத்தான்.

மகளுக்குக் கலியாணம் என்றால் அவளுக்கென்று ஒரு வீடு வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். அடுத்த மகளின் முறை வரும்போது உம்மாவும் வாப்பாவும் இருக்கும் வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு அதே வளவில் பின்னுக்கு ஒதுங்குவார்கள், அல்லது சிறிதாக வேறொன்று கட்டுவார்கள். சில தலைமுறைகளில் ஒரு ஒழுங்கை முழுவதும் அக்காள் தங்கைகளும் அவர்களின் பிள்ளைகளுமாக நிறைந்துவிடும்.

இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமை இல்லை. புருசன் அடித்தால் கூப்பிடு தூரத்தில் உம்மா இருக்கிறார். பிள்ளை பெற்றால் பார்க்க ராத்தா இருக்கிறார். தலாக் என்று வந்தால் வெளியே போவது கணவன். பெண்ணும் பிள்ளைகளும் அதே கூரையின் கீழ் இருப்பார்கள். தென்னாசியாவின் பெரும்பகுதியில் கைவிடப்பட்ட பெண் முதலில் இழப்பது தங்குமிடத்தைத்தான். இந்தக் கரையில் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. முதுமையில் பெற்றோரை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் இங்கே பதில் வளவுக்குள்ளேயே இருக்கிறது.

இது இங்கே மட்டும் உள்ள அதிசயமும் அல்ல. காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை மனைவி வீட்டில்தான் வாழ்கிறார். கண்ணூர் அறக்கல் குடும்பம், இலட்சத்தீவு, சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்கள் எல்லோரும் முஸ்லிம்கள், தாய்வழியினர். ஆனால் கேரளத் தறவாட்டில் சொத்து கூட்டுச் சொத்தாக இருந்தது. ஆண்டது மூத்த மாமன். பங்கு பிரிக்கச் சட்டம் வழிவிட்டதும் அது கலைந்தது. அம்பாறைக் கரையில் வீடு தனித்தனியாக மகளிடம் போனது. குடி தேய்ந்த பிறகும் வீடு தப்பியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனிக் குறைகள். மிகப் பெரிய முரண்பாடு கண்முன்னே இருக்கிறது: பெண் வழியாகக் கணக்கிடப்படும் குடிக்குப் பெண் ஒருபோதும் மரைக்காயராக இருந்ததில்லை. குடியின் பெயரைத் தருபவள் உம்மா. குடிக்காகப் பேசியவர் அவளுடைய சகோதரன். 1956ஆம் ஆண்டு வக்பு சட்டத்துக்குப் பிறகு பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களை நியமிக்கும் அதிகாரம் வக்பு சபைக்குப் போயும் அந்த நிலை மாறவில்லை. காழி நீதிமன்றத்திலும் அப்படித்தான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காழி ஆணாக இருக்க வேண்டும் என்கிறது. தன் கலியாணப் பதிவில் மணமகள் கையொப்பமிடக்கூட அந்தச் சட்டம் கேட்கவில்லை. வலி எனப்படும் ஆண் பாதுகாவலர் போட்டால் போதும். சொந்த வீட்டில் நிக்காஹ் நடக்கும், அந்த வீட்டுக்காரியின் கையெழுத்து இருக்காது.

குடிக்குள் உயர்வு தாழ்வும் இருந்தது. சுன்னத் செய்து வைத்த ஒஸ்தாமாரை மற்றவர்கள் பெண் கொடுக்காமல், எடுக்காமல் பரம்பரையாக ஒதுக்கி வைத்தார்கள். இஸ்லாத்தில் சாதி இல்லை என்று மேடையில் பேசும் நாம் இதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. குடியின் பெருமையைப் பாடுபவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பணத்துக்கு வருவோம். வீட்டோடு மாப்பிள்ளைக்குக் காசும் கேட்கப்படுகிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் கைக்கூலி எனப்படும் அந்தக் காசை மணமகளின் பயனுக்காகக் கொடுக்கப்படும் பணமாகவே பார்க்கிறது, அதைக் காழி மூலம் திருப்பிப் பெறவும் அவளுக்கு வழி வைத்திருக்கிறது. நடைமுறையில் அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கரைகிறது. சீதன எதிர்ப்புப் பேசும் மௌலவிமார் வீட்டையும் காசையும் ஒரே மூச்சில் ஹராம் என்கிறார்கள். இங்கேதான் நான் அவர்களோடு முரண்படுகிறேன். மகள் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்கும் வீடு அவளுக்குப் பெற்றோர் தரும் அன்பளிப்பு; மாப்பிள்ளைக்குத் தரும் காசு அவருடைய விலை. முன்னதை நிறுத்தினால் பெண் இழப்பாள். பின்னதை நிறுத்தினால் ஒருவரும் எதையும் இழக்கமாட்டார்கள். அதேவேளை, மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனையாகக் கேட்டு, அவர்கள் சொன்ன அளவில் கட்டப்படும் வீடு அன்பளிப்பாக இருக்க முடியாது என்ற மௌலவிமாரின் நியாயத்தை நான் மறுக்கவும் இல்லை.

அந்த நிபந்தனையின் சுமை யார் தோளில்? குடி உயிரோடு இருந்த காலத்தில் காணி இருந்தது, மண்ணும் கிடுகும் மலிவாகக் கிடைத்தன, தாய்மாமனும் கைகொடுத்தார். இன்று கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருக்கியடித்த ஒரு கீற்று நிலம். சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் ஒரு வளவை மூன்று மகள்மாருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சில பேர்ச்சஸ்தான் மிஞ்சும். வயலை நிரப்பி வீடு கட்டுகிறார்கள். மாரியில் வெள்ளம் வாசலுக்கு வருகிறது. காக்காமார் கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துத் தங்கச்சிமாரின் வீட்டை முடித்த பிறகே தங்கள் கலியாணத்தை யோசிக்கிறார்கள். ஆண் துணை இல்லாத குடும்பங்களில் பெண்ணே பணிப்பெண்ணாக வெளிநாடு போய்த் தன் சீதன வீட்டைத் தானே கட்டுகிறாள். திரும்பி வந்து மகளுக்குக் கட்ட மறுபடியும் போகிறவர்களும் உண்டு. 5 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாடு செல்வதை அரசாங்கம் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டுக் கட்டுப்படுத்தியபோது, அந்தத் தாய் ஏன் போகிறாள் என்பதை ஊரில் யாரும் உரக்கக் கேட்கவில்லை. வீட்டின் பெருமை அவளுடையது என்கிறோம். அதன் விலையையும் அவளே கொடுக்கிறாள் என்றால், குடி அவளுக்குக் கொடுத்தது என்ன?

2004 டிசம்பர் 26 சுனாமி இந்த முறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே காலையில் வெளியே போட்டது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான்; 10,000க்கும் மேற்பட்டோர். உம்மாவும் மகள்மாரும் அடுத்தடுத்து வாழ்ந்த கரையோர வளவுகளில் ஒரு அலை ஒரு தாய்வழியையே கொண்டு போக முடிந்தது. தப்பிய கணவனுக்கு வீடும் இல்லை, வீடு அவருடையதாக இருந்ததும் இல்லை. பிறகு வந்த மீள்குடியேற்றம் வேறொரு அநீதியைச் செய்தது. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். மாற்றுக் காணியும் வீடும் குடும்பத் தலைவருக்கு என்றார்கள். படிவத்தில் தலைவர் என்றால் கணவன். உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீடு கடலோடு போய், அதன் ஈடு மருமகன் பெயரில் வந்தது. அரச காணிகளில் இந்தப் பார்வை பழையது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் வாரிசு வரிசையில் மகனை முன்னே வைத்திருந்தது. அது திருத்தப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கரையின் வழக்கத்தைத் தெரிந்த எந்த அதிகாரியும் மீள்குடியேற்றப் படிவத்தில் இன்னொரு கட்டத்தைச் சேர்த்திருப்பார். நம் பள்ளிவாசல்களும் அதைக் கேட்டுப் போராடவில்லை. மகள் வீட்டைத் தாய்வழிப் பெருமையாகப் பேசியவர்கள், அது கைமாறிய நேரத்தில் மௌனமாக இருந்தார்கள். இது எனக்கு ஆறாத கோபம்.

மகன்மாரின் மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. ஆனால் வாப்பா மௌத்தாகும் முன்பே வீடுகள் மகள்மாருக்குப் போய்விட்டால் பிரிக்க மிஞ்சுவது கொஞ்சம். ‘உனக்கு உன் பெண்சாதி வீடு இருக்கிறதே’ என்பது ஊரின் பதில். ஏழை வீட்டுப் பெண்ணை, காசும் கேட்காமல் முடித்தவனுக்கு அந்தப் பதில் பொருந்தாது. சீதனம் வேண்டாம் என்று நின்ற இளைஞன் இரண்டு பக்கமும் வீடில்லாமல் வாடகைக்குப் போகிறான். நேர்மையாக நடந்தவனைத் தண்டிக்கும் எந்த ஏற்பாடும் நீண்ட நாள் நிற்காது.

ஆகவே குடியை மீட்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, மகளின் வீட்டை ஒழிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. வீட்டைக் கலியாணத்திலிருந்து பிரிக்க வேண்டும். பெற்றோருக்கு வசதி இருந்தால் மகளுக்குக் கொடுக்கட்டும். மாப்பிள்ளை கேட்பதற்கு முன்னே, மாப்பிள்ளை கிடைக்காவிட்டாலும் கொடுக்கட்டும். உறுதி அவள் பெயரில் மட்டும் இருக்கட்டும். வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு கூரை கிடைக்க, முன்பு குடி செய்த வேலையைப் பள்ளிவாசலின் ஸகாத் நிதி ஏற்கட்டும். நிக்காஹ் பதிவில் மஹருக்கும் கைக்கூலிக்கும் இடம் இருப்பதுபோல மணமகளின் கையொப்பத்துக்கும் இடம் வேண்டும். முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை வர 2018 ஆனது. அதைப் பற்றிய வாதம் பெரும்பாலும் கொழும்பில்தான் நடக்கிறது. பெண்ணின் வீட்டில் கணவன் வந்து வாழும் ஒரு கரையிலிருந்து அந்த வாதத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் உள்ள நம்பிக்கையாளர் சபைகள் அதைச் சொல்ல முன்வர வேண்டும், முதலில் தங்கள் கூட்டத்தில் வீட்டுக்காரிகளுக்கு நாற்காலி போட்டுவிட்டு.