பலகைக்கு அடியில் இருப்பது யார் வரலாறு?

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பழைய இயற்பியல் ஆய்வகம் 1900இல் திறக்கப்பட்டது. 1907 முதல் 1919 வரை எர்னஸ்ட் ரூதர்போர்ட் வேலை பார்த்த இடம். அணுவுக்குள் கரு இருக்கிறது என்று 1911இல் அவர் சொன்னது இங்கிருந்துதான். அறிவியல் வரலாறு எழுதுபவர்கள் இந்தக் கட்டடத்தை விடுவதே இல்லை. ஆனா அதைப் பராமரித்தவர்கள்?

ஒருவர் மட்டும் எட்டிப்பார்க்கிறார்: வில்லியம் கே. லேப் ஸ்டூவர்டு. சாமான் வாங்குவது, கருவிகளைச் சரிபண்ணுவது, வகுப்புக்குச் சோதனைகளைத் தயார் செய்வது எல்லாம் அவர் வேலை. முதல் உலகப் போரில் இளம் ஆய்வாளர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். மோஸ்லி 1915இல் கலிப்போலியில் இறந்தே போனார். ஆள் இல்லாத அந்த நாட்களில், திரையில் மின்னும் ஒளிப்பொட்டுகளை இருட்டில் உட்கார்ந்து எண்ணியவர்களில் கே ஒருவர். 1919 கட்டுரையில் ரூதர்போர்ட் அவருக்கு நன்றி சொன்னார். நன்றிதான், ஆசிரியர் பெயரில் பங்கு இல்லை.

இந்த மாதிரி ஆட்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த முக்கியமான கட்டுரை, ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத தொழில்நுட்பர்'. 17ஆம் நூற்றாண்டு ராபர்ட் பாயிலின் உதவியாளர்களைப் பற்றியது. ஏதாவது தப்பாகும்போதுதான் அவர்கள் கண்ணில் படுகிறார்கள் என்பது அதில் எனக்குப் பிடித்த கவனிப்பு. எனக்குள்ள குறை வேற. சோதனையைத் தொட்ட கைகள் வரைக்கும்தான் அந்தப் பார்வை போகிறது. தரையைத் துடைத்த கை? பலகையைப் பெயர்த்து ஒயர் இழுத்த கை?

மான்செஸ்டரில் இந்தக் கேள்வி வெறும் மரியாதை சம்பந்தப்பட்டது இல்லை. அந்தக் காலத்து வெற்றிடப் பம்புகளில் பாதரசம் இருந்தது. சிந்தினால் பலகை இடுக்கில் இறங்கிவிடும். அறை வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். ரேடியத்தின் அரை ஆயுளோ சுமார் 1600 ஆண்டு. பின்னாளில் உளவியல் துறை அங்கே இயங்கியது. கட்டடத்தில் கதிரியக்க மாசும் பாதரசமும் இருப்பது தெரியவந்தது. அங்கே வேலை பார்த்த சிலருக்குப் புற்றுநோய் வந்ததால் கவலை எழுந்தது. 2009இல் வந்த தனி ஆய்வறிக்கை, பாதிப்பின் அளவு குறைவு, நோய்கள் தற்செயலாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. அதை நான் மறுக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஷேப்பினின் கவனிப்பு இங்கேயும் பலிக்கிறது: மாசு என்ற பேச்சு வந்த பிறகுதான், இங்கே யார் எந்த அறையில் எத்தனை வருஷம் இருந்தார்கள் என்று ஒருவர் கேட்கிறார். கண்டுபிடிப்பைத் தேதி போட்டு வைத்திருக்கிறோம். எந்த அறையில் எது சிந்தியது, யார் துடைத்தது, எந்தப் பலகை மாற்றப்பட்டது என்பது பெரும்பாலும் ஸ்டூவர்டு, தச்சர், துப்புரவாளர் இவர்களின் ஞாபகத்தில் இருந்த விஷயம். அவர்கள் ஓய்வு பெற்றால் அதுவும் கூடவே போய்விடும். அடுத்த ஐம்பது வருஷம் கழித்து அதே பலகையைத் தூக்குற எலக்ட்ரீஷியனுக்கு, ரூதர்போர்டின் வாழ்க்கை வரலாற்றைவிட அந்த ஞாபகம்தான் பயன்படும். ஆய்வக வரலாறு எழுதுகிறவர்கள் அடுத்த முறை பராமரிப்புப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.