கையில் ஒட்டிய கபாலம்: தெல் தோரோவின் 'பினோக்கியோ'வில் மகனை இழந்த தந்தை

கார்லோ கொலோடி எழுதி 1883இல் நூலாக வெளிவந்த பினோக்கியோ கதையில் ஜெப்பெட்டோ மகனைப் பறிகொடுத்தவர் அல்லர். வறுமையில் உழலும் கிழவர். பொம்மையாட்டம் நடத்தி ஊர் ஊராகச் சென்று பிழைக்கலாம் என்னும் எண்ணத்தில் ஒரு மரத்துண்டைப் பெற்றுவந்து செதுக்குகிறார். 1940இல் வெளிவந்த டிஸ்னி படத்தில் அவர் பிள்ளைக்கு ஏங்கும் தனியர். கில்லெர்மோ தெல் தோரோவும் மார்க் குஸ்டாஃப்சனும் 2022இல் இயக்கிய அசைவூட்டப் படமோ, பொம்மை பிறப்பதற்கு முன்பே ஒரு சாவை வைக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் தேவாலயத்தின்மீது விழுந்த குண்டில் ஜெப்பெட்டோவின் சிறுவயது மகன் இறக்கிறான். அவனுக்கு மூல ஆசிரியரின் பெயரான கார்லோ என்பதையே சூட்டியிருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

மகன் எடுத்துவைத்த பைன் மரக்காய் அவன் கல்லறையருகே ஊன்றப்பட்டு மரமாகிறது. ஆண்டுகள் பல கழித்து, மது மயக்கத்தில், இடி மின்னலுக்கு நடுவே ஜெப்பெட்டோ அம்மரத்தை வெட்டிச் சாய்க்கிறார். அன்பின் கனிவில் பிறக்கும் குழந்தையன்று இது. கடவுளை ஏசிக்கொண்டு, கோடரியும் உளியுமாக ஒரு பிணத்தைத் திரும்ப எழுப்ப முயலும் வன்முறை அக்காட்சியில் உள்ளது. வேலை முடியுமுன் அவர் மயங்கி வீழ்கிறார். துருத்திய ஆணிகளோடும் ஒற்றைக் காதோடும் அரைகுறையாக நிற்கும் அவ்வுருவமே உயிர் பெறுகிறது. துயரம் தன் கையால் செய்த பொருள் எப்படி இருக்குமோ அப்படியே பினோக்கியோ இருக்கிறான்.

இத்தந்தையைப் புரிந்துகொள்ளச் செஞ்சியை அடுத்த மேல்மலையனூரின் தலபுராணம் பொருத்தமான ஒரு படிமத்தைத் தருகிறது. பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்த சிவனின் கையில் அத்தலை கபாலமாக ஒட்டிக்கொள்கிறது. பிச்சையாக இடப்படும் உணவையெல்லாம் கபாலமே விழுங்கிவிட, சிவன் பசியோடு அலைகிறார். மலையனூர் மயானத்தில் அங்காளம்மன் இரு கவளங்களைக் கபாலத்தில் இட்டு, மூன்றாவதைத் தரையில் இறைக்கிறாள். சுவை கண்ட கபாலம் கையை விட்டிறங்கி அதனை உண்ணப் போகிறது. அம்மன் பேருருக் கொண்டு அதைக் காலால் மிதித்து அடக்குகிறாள். மாசி அமாவாசையில் நிகழும் மயானக் கொள்ளையில் உணவுப்பொருள்களைச் சூறையிடுவது இச்செயலை ஆண்டுதோறும் நிகழ்த்திக்காட்டும் சடங்கு.

ஜெப்பெட்டோவின் கையிலும் அத்தகைய கபாலம் ஒன்று உண்டு. பினோக்கியோ தரும் ஆட்டம், பாட்டு, ஓயாத கேள்விகள் அனைத்தும் தந்தையைச் சென்றடைவதில்லை. இடையிலிருக்கும் கார்லோவின் நினைவே அவற்றை விழுங்குகிறது. கார்லோவின் பள்ளிப் புத்தகத்தையே இவனிடம் கொடுத்து அனுப்புகிறார். கொடைபோலத் தோன்றும் அச்செயல் உண்மையில் ஓர் அளவுகோல். இறந்தவனை அளவாகக் கொண்டால் இருப்பவன் குறைந்துதான் போவான். தேவாலயத்தில் தொங்கும் சிலுவையுருவும் ஜெப்பெட்டோ செதுக்கிய மரமே. மரத்தாலான அவரை விரும்பும் ஊர் தன்னை ஏன் வெறுக்கிறது என்று பினோக்கியோ கேட்கிறான். பின்னர், அவன் ஒரு சுமை என்று அவர் வாய்விட்டே சொல்லிவிடுகிறார்.

இவ்வொப்பீட்டுக்கு ஒரு தடை எழுப்பலாம். சிவன் கையில் ஒட்டியது கொலைப்பழி, ஜெப்பெட்டோவுடையதோ இழப்பு. ஆயினும் கார்லோ மரக்காயை எடுக்கத் தேவாலயத்துக்குள் மீளச் செல்ல, தந்தை வெளியே நிற்கும்போதே குண்டு விழுகிறது. பிழைத்திருப்பதையே பழியாக உணரும் மனத்தில் துயரையும் குற்றவுணர்வையும் பிரித்தறிவது எளிதன்று.

படத்தில் இன்னொரு தந்தையும் உண்டு. முசோலினி ஆட்சியின் ஊர் அதிகாரியான அவன், மகன் கேண்டில்விக்கைப் போர்ப்பயிற்சிக்கு அனுப்புவதைப் பெருமையாகக் கருதுகிறான். செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டில் வேரூன்றிய அரவான் களப்பலியை இங்கு நினையாமல் இருக்க இயலாது. களப்பலிக்குரிய இலக்கணம் கண்ணன், அருச்சுனன், அரவான் மூவருக்கே உண்டென்றும், முன்னிருவரும் போருக்கு வேண்டியவர் ஆதலின் அரவான் பலியானான் என்றும் மரபு கூறும். தந்தை எஞ்ச, மகன் போகிறான். கூவாகத்தில் அரவானுக்காகத் தாலியறுத்து ஒப்பாரி வைப்பவர்கள் அவனை மணந்த திருநங்கையர். அங்கே அவனும் மரத்தில் செதுக்கிய தலையாகவே காட்சி தருகிறான். அருச்சுனனின் அழுகைக்கு அங்கு இடமில்லை. ஜெப்பெட்டோவைக் குடித்துக் கதறும் கிழவராகக் காட்டுவதன் மூலம், போருக்குப் பிள்ளை கொடுத்த தந்தையர் பொதுவில் காட்டாத முகத்தைப் படம் வெளிக்கொணர்கிறது. அதன் பெரும்பேறு இதுவே என்பது என் கருத்து.

கபாலம் எப்போது இறங்குகிறது? மீண்டும் மீண்டும் இறந்து மீளும் பினோக்கியோ, கடலில் மூழ்கும் தந்தையைக் காக்க உடனே திரும்பவேண்டிச் சாவின் மணற்கடிகையை உடைத்துத் தன் சாவின்மையைக் கைவிடுகிறான். தரையில் இறைக்கப்பட்ட மூன்றாம் கவளம் அது. கரையில் கிடக்கும் அவனுக்காக ஜெப்பெட்டோ அழும்போதுதான் முதன்முறையாகக் கார்லோவுக்காக அல்லாமல் பினோக்கியோவுக்காகவே அழுகிறார். வேறொருவனாக இருக்கும்படி அவனை வற்புறுத்தியதையும் ஒப்புக்கொள்கிறார். மேல்மலையனூரில் இதைச் செய்தவள் தாய்த்தெய்வம். இப்படத்தில் அவ்வேலை பிள்ளையின் தலையிலேயே விழுகிறது.

அந்த அழுகை முழுமையடையுமுன் சுவர்க்கோழிக்குக் கிடைத்த வரத்தால் பினோக்கியோ உயிர்த்தெழுவது, குழந்தைப் பார்வையாளரை எண்ணிச் செய்த சமரசமாகவே படுகிறது. ஆனால் படம் அங்கு நின்றுவிடவில்லை. ஜெப்பெட்டோ முதுமையுற்று இறக்கிறார். தந்தையைப் புதைத்துவிட்டு மரமகன் தனியே வழிநடக்கிறான். அவன் கைகளில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.