முதல் மலை சைக்கிள்

தடித்த டயர், அடி தாங்கும் பிரேம், மேடேறப் போதுமான சின்ன கியர், இறக்கத்தில் நம்பிப் பிடிக்கிற பிரேக் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் மலை சைக்கிள். மற்றதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. 1970களில் கலிபோர்னியாவின் டமல்பைஸ் மலைச்சரிவில் இந்த வண்டியை உருவாக்கிய இளைஞர்கள் 1930களின் ஷ்வின் எக்ஸெல்சியர் போன்ற கனத்த பழைய சைக்கிள்களைக் காயலான் கடை விலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழற்றி வீசிவிட்டு மண்பாதையில் இறங்கியவர்கள். 1976 அக்டோபரில் தொடங்கிய அவர்களது 'ரீபேக்' பந்தயத்தில், ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர ஹப்பின் கிரீஸ் பிரேக் சூட்டில் எரிந்துபோகும். புதிதாக கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ஜோ பிரீஸ் 1977-இல் இந்த வேலைக்கென்றே ஒரு பிரேம் செய்தார். டாம் ரிச்சி, கேரி ஃபிஷர், சார்லி கெல்லி மூவரும் 1979-இல் இதை ஒரு வியாபாரமாக ஆக்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டி தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகி விற்பனைக்கு வந்தது. முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் ஏறியது அதற்கும் ஏறக்குறைய பத்தாண்டு கழித்து. கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு முதல் வண்டி வாங்கப் போகிறவர் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐதராபாத்தின் வடமேற்கில் இருக்கும் பாலாநகர் இப்படி ஒரு வண்டியைப் பார்த்து வாங்கப் பொருத்தமான இடம். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் துணையோடும் 1968-இல் தொடங்கிய மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் ஏவியானிக்ஸ் பிரிவும் இங்கேதான். இவற்றைச் சுற்றிச் சந்து சந்தாக லேத் பட்டறைகள், அச்சு செய்யும் கூடங்கள். ஒரு ஷாஃப்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே கோணலைச் சொல்லிவிடுகிற ஆட்கள் அங்கே உண்டு. சைக்கிளைச் சோதிக்கத் தேவையானதும் அந்தக் கைப்பழக்கம்தான்.

ஓட்டுவதற்கு நிலமும் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 ஜூலையில் மேம்பாலம் திறந்த பிறகு பாலாநகரின் நர்சாபூர் சந்திப்பில் நெரிசல் குறைந்திருக்கிறது. அங்கிருந்து ஜீடிமெட்லா, கண்டி மைசம்மா, விமானப்படை அகாதமி இருக்கிற துண்டிகல் என்று வடமேற்கே போகும் சாலை நர்சாபூர் காட்டை அடைகிறது. இந்தத் தக்காணத்து நிலத்தின் அடியில் இருப்பது சுமார் 250 கோடி ஆண்டு வயதுடைய கருங்கல். அது உதிர்ந்து உண்டான பருமணல்தான் மண்பாதை முழுக்க. காய்ந்த நாளில் டயருக்கு அடியில் உருளும். நடுநடுவே வழவழப்பான பாறை முதுகுகள். ஏற்றங்கள் உயரம் இல்லாதவை, ஆனால் திடீரென்று செங்குத்தானவை. இமாலயப் பந்தய வண்டிக்கு இங்கே வேலை இல்லை. பதினைந்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் வாங்கும் ஒரு நேர்மையான சைக்கிள் இந்தப் பாதைகளுக்குத் தாராளமாகப் போதும்.

அந்த நேர்மையை முதலில் தேட வேண்டிய இடம் சக்கரம். சைக்கிளின் நயமே அதில்தான் இருக்கிறது. கடையில் யாரும் அதைக் காட்டி விற்பதில்லை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெல்லச் சுழற்றிவிட்டு, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் இடையிலுள்ள சந்தைக் கவனிக்க வேண்டும். அந்த இடைவெளி ஒரு சுற்றுக்குள் அகன்று குறுகினால் கோட்டம் எடுக்கவில்லை என்று பொருள். அடுத்து, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வர வேண்டும். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும். சுண்டினால் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின்சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட அதிக விறைப்பாக இருப்பது இயல்பு. பல்சக்கரத்துக்கு இடம் விட்டு ஹப்பின் விளிம்பு உள்ளே தள்ளியிருப்பதால் அப்படி. தளர்ந்த கம்பி ஒன்று இருந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகள்மேல் விழும். சில வாரத்தில் அவற்றில் ஒன்று வளையும் இடத்தில் அறுபடும். ரிம் இரட்டைச் சுவர் உடையதாக இருக்க வேண்டும். ஒற்றைச் சுவர் ரிம் சாலையில் ஓடும். பாறை விளிம்பில் ஒருமுறை தட்டினால் நசுங்கிவிடும்.

ஹப்பைத் தெரிந்துகொள்ள, சக்கரத்தின் உச்சியைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால், உள்ளே பால்ரஸைப் பிடித்திருக்கும் கோன் தளர்வு. பிறகு சக்கரத்தைக் கழற்றச் சொல்லி ஆக்சிலை இரண்டு விரலால் திருப்ப வேண்டும். உள்ளே மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் கோன் அதிகமாக இறுகியிருக்கிறது. இந்த விலையில் வருகிற ஹப்புகள் பெரும்பாலும் கப்பும் கோனும் பால்ரஸும் கொண்ட பழைய அமைப்புதான். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பதாகக் கால் அங்குல பால்ரஸ். அதைச் சரியாக வைப்பது அழகான கைவேலை. கோனை விரலால் உட்காரவைத்து, தட்டையான கோன் ஸ்பேனரால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, லாக் நட்டை இன்னொரு ஸ்பேனரால் இறுக்க வேண்டும். இறுக்கும்போது கோன் சற்றே உள்ளே போகும். அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே ஒரு நூலிழை தளர்வாக விடத் தெரிந்தவர்தான் மெக்கானிக். ஆட்டமும் இல்லை, அரைப்பும் இல்லை என்ற அந்தப் புள்ளியில் நிற்கிற சக்கரம், தூக்கிப் பிடித்தால் டியூப் வால்வின் எடைக்கே மெல்லத் திரும்பி, வால்வு கீழே வரும்வரை ஊசலாடி நிற்கும். கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. ஓட்டத் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஓவராயில் செய்து கிரீஸ் மாற்றினால் இந்த ஹப் நெடுநாள் உழைக்கும்.

பின்சக்கரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல்சக்கரங்கள் ஹப்மேல் மரையிட்டுத் திருகிய ஃப்ரீவீலாக இருக்கலாம், அல்லது ஷிமானோ 1978-இல் கொண்டுவந்த ஃப்ரீஹப் மேல் செருகிய கேசட்டாக இருக்கலாம். ஃப்ரீவீலில் வலப்பக்க பால்ரஸ் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதற்கு வெளியே ஆக்சில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தாங்கலின்றி நிற்கும். கனமான ஆள் கல்லிலிருந்து இறங்க இறங்க அந்த ஆக்சில் வளையும், ஒருநாள் முறியும். கேசட் ஹப்பில் பால்ரஸ் பிரேமை ஒட்டி வெளியே வந்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டையும் பிரித்தறிவது எளிது: பல்சக்கரங்களைப் பின்புறமாகச் சுழற்றும்போது நடுவிலுள்ள பல்வெட்டு வளையமும் கூடவே சுழன்றால் கேசட், அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஒரே விலையில் இரண்டு வண்டி இருந்து ஒன்றில் கேசட் இருந்தால், பெயின்டையும் ஸ்டிக்கரையும் பார்க்காமல் அதையே எடுக்கலாம்.

பிரேமில் வெல்டிங் பார்க்க வேண்டும். ஹேண்டில் தண்டு நுழையும் குழாயில் மேலும் கீழும் இரண்டு குழாய்கள் வந்து சேரும் மூட்டுதான் அதிகம் அடிபடும் இடம். அங்கே வெல்டிங் மீன் செதில்போல் ஒரே அளவாக அடுக்கி ஓட வேண்டும். திட்டுத்திட்டாகக் குவிந்தோ, குழாயைத் தின்று பள்ளமாக்கியோ இருந்தால் வண்டியை வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். இரும்பா அலுமினியமா என்ற கேள்விக்கு இந்த விலையில் அலுமினியம் என்பதே பொதுவான பதில். எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனாலும் நல்ல இரும்பு பிரேமை இகழ வேண்டியதில்லை. அது விரிசல் விட்டால் பாலாநகரின் ஏதாவது ஒரு பட்டறையில் ஒட்டி எடுத்துவிடலாம். 6061 அலுமினியத்தை வெல்டிங் செய்தால் அந்த இடம் வலுவிழக்கும். மறுபடி முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் பழைய பலம் வரும். கியர் மாற்றும் பின் டெரெய்லர் தொங்கும் ஹேங்கர் தனியாகக் கழற்றி மாட்டும் துண்டாக இருக்க வேண்டும். கல்லில் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். சில நூறு ரூபாயில் புதிது போட்டுக்கொள்ளலாம்.

அளவு விஷயத்தில் நம் கடைகளில் ஒரு குழப்பம் உண்டு. 26, 27.5, 29 என்று சொல்வது சக்கர அளவு. ஆளுக்குப் பொருந்த வேண்டியது பிரேம் அளவு. நடுத்தர உயரக்காரருக்குப் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு அங்குல பிரேம் சரியாக வரும். வண்டியின் மேல்பாருக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால் இடையில் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் வெளி இருக்க வேண்டும். அளவு பொருந்தாத வண்டி என்ன தள்ளுபடி கொடுத்தாலும் நட்டம்தான்.

கண்ணைப் பறிப்பது ஸ்பிரிங். நடுவில் தடித்த ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சஸ்பென்ஷன் வண்டிகள் பத்தாயிரத்துக்கும் கிடைக்கின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம். எடை பதினெட்டு கிலோவை எட்டும். ஏற்றத்தில் மிதிக்கிற வலுவில் ஒரு பகுதியை ஸ்பிரிங் விழுங்கிவிடும். மூட்டுகளில் இருக்கும் நைலான் புஷ் ஒரு மழைக்காலத்திலேயே தேயும். முன் ஃபோர்க்கில் மட்டும் ஸ்பிரிங் உள்ள மலிவு வண்டியையும் ஆராய்ந்தே வாங்க வேண்டும். முன்பிரேக்கை இறுக்கப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால், ஃபோர்க் கால்கள் ஒன்றுக்குள் ஒன்று தடதடக்கிறதா என்று கைக்குத் தெரியும். அழுத்தி விட்டதும் விசுக்கென்று துள்ளி எழுந்தால் உள்ளே அடக்குவதற்கு எதுவும் இல்லை, வெறும் ஸ்பிரிங் மட்டுமே. அதற்குப் பதில் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கும் 2.1 அங்குல டயரும் உள்ள வண்டி கிடைத்தால் அதுவே மேல். காற்றை 35 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துவைத்தால் பருமணலில் டயரே சஸ்பென்ஷன் ஆகிவிடும். கடைகளில் கல்லுமாதிரி அடித்துத் தருவது தார்ச்சாலைக்கு.

21 கியர் என்ற எழுத்துக்கு மயங்க வேண்டாம். மூன்றும் ஏழும் பெருக்கி வந்த எண் அது, பாதி ஒன்றன்மேல் ஒன்று விழும். மிகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்பதே கேள்வி. முன்னால் 24 பல், பின்னால் 34 பல் என்றால் 27.5 சக்கரத்தில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர். மூச்சு வாங்காமல் செங்குத்தை ஏறிவிடலாம். பின்னால் 28 பல்லோடு நின்றுபோன வண்டியில் அதே ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டிவரும். ஷிமானோ வரிசையில் டூர்னி அடிமட்டம். ஆல்டஸ், ஏசெரா என்று மேலேறும். டூர்னியும் சரியாக டியூன் செய்தால் நன்றாகவே மாறும். கியருக்கென்று கூடுதல் பணம் செலவழிக்க இருந்தால் அதைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடலாம்.

பிரேக்கில் 'டிஸ்க்' என்ற பெயருக்கே விலை கூடுகிறது. மலிவான கேபிள் டிஸ்க்கில் ஒரு பக்கக் கட்டை மட்டும் நகர்ந்து தட்டை வளைத்துப் பிடிக்கும், அடிக்கடி உரசும். ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் இந்த ஊருக்கு நல்ல வி-பிரேக் போதும். கட்டை மாற்ற ஆகும் செலவும் அற்பம். ஜூன் முதல் செப்டம்பர்வரை சேற்றில் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் டிஸ்க்கை யோசிக்கலாம்.

புதிதுக்குக் காசு போதாவிட்டால் பழையது இருக்கிறது. 2020 பொதுமுடக்கத்தின்போது ஆசையாக வாங்கி, பிறகு அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் தூசி ஏறிக் கிடக்கும் சைக்கிள்கள் நகரில் ஏராளம். அவற்றில் செயினை அளக்க வேண்டும். ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதை விட்டு எண்ணினால் வரும் இருபத்துநான்காவது பின்னின் நடுவரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயின் மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்துவிட்டன, விலையில் அதைக் கழிக்க வேண்டும். சின்ன ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால் ஆகிற காரியம் இது.

மொத்தப் பணத்தையும் வண்டியிலேயே போட்டுவிடவும் கூடாது. சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதில் மிச்சமாகும் தொகையில் ஒரு ஹெல்மெட் வாங்கிவிடலாம். அத்துடன் ஒரு மாற்று டியூப், கைப்பம்பு, ஆலன் சாவிகள். மண்பாதை ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள் விழுந்து கிடக்கும். தடித்த டயரையும் துளைக்கும். முள் எடுத்த இடத்தை உள்ளேயிருந்து விரலால் தடவிப் பார்க்காமல் புது டியூப் போட்டால் அதுவும் அங்கேயே பஞ்சராகும்.

வண்டியைக் கடையில் பூட்டித் தரும்போது பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். முதல் நூறு கிலோமீட்டருக்குள் புதுக் கம்பிகள் தம் இடத்தில் படிந்து தளரும், கேபிள்கள் நீளும். அப்போது மறக்காமல் கொண்டுபோய்க் கோட்டம் எடுத்து, கோன் பார்த்து, கியர் டியூன் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான கடைகளில் இந்த முதல் சர்வீஸுக்குக் காசு வாங்குவதில்லை.